காற்றும் கதிரும் நமக்கும் ஆகுக!

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இது பொருத்தமா என்று சிலர் நினைக்கக் கூடும். பள்ளியில் ஆசிரியர் சொல்லிக் கொடுப்பது கல்வியின் ஒரு பாதி; இரவில் பிள்ளை விளக்கடியில் அமர்ந்து படிப்பது மறுபாதி. அந்த மறுபாதி நம் பிள்ளைகளுக்கு எத்தனை தலைமுறை மறுக்கப்பட்டது என்பதை இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர் அறிவர். மின்கம்பம் ஊரின் எல்லையோடு நின்று, நம் தெருவுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்த கதை இந்நாட்டில் எண்ணற்ற சேரிகளின் கதையாகும். ஆகவே விளக்கைப் பற்றிய பேச்சும் கல்வியைப் பற்றிய பேச்சே.

அண்ணல் காட்டிய வழி

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பி என்று நாம் போற்றுகின்றோம். மின்சாரத் துறையில் அவர் ஆற்றிய பணியை நம் இளைஞர்களில் பலர் அறியார். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அத்துறையின்கீழ் வந்தன. 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், போருக்குப் பிந்தைய மின்சார வளர்ச்சி குறித்து அவர் ஒரு பேருரை ஆற்றினார். இந்நாட்டு மக்களை வறுமையினின்று மீட்பதற்குத் தொழில் வளர்ச்சி வேண்டும். தொழில் வளர்ச்சிக்கு மின்சாரம் மலிவாகவும் தட்டுப்பாடின்றியும் கிடைத்தல் வேண்டும். இது அவ்வுரையின் சாரம். 1944-இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியம் அவர் பொறுப்பில் இருந்த துறையின் வாயிலாகவே உருவாயிற்று. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கும் ஈராக்குட் அணைக்கும் அடிகோலிய நாள்களும் அவையே. 1947-இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் ஆவணத்தில் அடிப்படைத் தொழில்கள் அரசின் உடைமையாதல் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் மின்சாரத்தைப் பற்றி ஏன் இத்துணைக் கவலைப்பட்டார்? உடல் உழைப்பை மட்டுமே மூலதனமாகக் கொண்ட மக்களுக்கு, அவ்வுழைப்பின் சுமையைக் குறைக்கும் ஆற்றல் எதுவோ அதுவே விடுதலையின் கருவி என்பதனை அவர் உணர்ந்திருந்தார். அந்த உணர்வோடு இன்றைய நிலையை நாம் நோக்குவோம்.

நம் வாசலில் வீசும் காற்று

இயற்கை நம் தென்காசிச் சீமைக்கு ஒரு தனிக்கொடை வழங்கியிருக்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கின்றது. அச்சுவரில் ஆரியங்காவுக் கணவாய் ஒரு திறந்த சன்னல். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளத்தில் பொழிந்துவிட்டு, எஞ்சிய ஈரத்தோடு இக்கணவாய் வழியாக விரைந்து புகுகின்றது. அந்த ஈரமே சாரலாகின்றது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஆர்ப்பரிக்கின்றன. ஈரத்தை உதிர்த்த பிறகு அதே காற்று கிழக்கே ஓடிப் பாவூர்சத்திரம், சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. சுற்றுலாப் பயணி 'குற்றாலத்தில் சீசன்' என்று சொல்லும் அதே மாதங்களில்தான் காற்றாலைக்காரனுக்கும் சீசன்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தின் கன அளவில் ஆற்றல் பெருகுகின்றது என்பது இயற்பியல் விதி. கணவாயின் எதிரே உள்ள கரிசல் காட்டுக்கும் பொட்டல் காட்டுக்கும் திடீரெனக் கிராக்கி வந்ததன் காரணம் இதுவே.

தமிழகத்தின் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. பின்னர் கயத்தாற்றிலும் அரசு முயற்சியில் காற்றாலைகள் எழுந்தன. 1998-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காற்றாற்றல் தொழில்நுட்ப மையம், இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் இருக்கின்றது. இன்று தமிழகத்தில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. அரசு செய்து காட்டிய பின்னரே தனியார் வந்தனர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அதற்கும் முன்னே, பைக்காராவில் 1932-இலும், மேட்டூரில் 1937-இலும், நம் பொதிகை மலையடியில் பாபநாசத்தில் 1944-இலும் அரசு நீர்மின் நிலையங்களை அமைத்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பது பெயரளவில் புதிது. பொருளளவில் நம் பாட்டன்மார் காலத்திலேயே தாமிரபரணி விளக்கேற்றியிருக்கின்றாள்.

அரசுக் கட்டடம் யாருடைய கட்டடம்?

இனி, இன்றைய பொருளுக்கு வருவோம். அரசுப் பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார், ஆதிதிராவிடர் நல விடுதி ஆகிய இவற்றிற்குக் கதிரவனிடமிருந்தும் காற்றிலிருந்தும் கழிவிலிருந்தும் மின்சாரம் பெற்றுக் கொடுப்பது பற்றியே நாம் பேசப்போகின்றோம்.

இதிலே நம் மக்களுக்கு என்ன தனி அக்கறை? வசதி படைத்தவன் தன் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகின்றான். நோயென்றால் தனியார் மருத்துவமனைக்குப் போகின்றான். மின்சாரம் நின்றால் அவன் வீட்டில் இன்வெர்ட்டர் இயங்குகின்றது. நமக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு பள்ளியில்லை. அரசு மருத்துவமனையை விட்டால் வேறு மருத்துவமனையில்லை. நள்ளிரவில் பிரசவ அறையின் விளக்கு அணைந்தால் தவிப்பவள் நம் வீட்டுப் பெண். தடுப்பூசி மருந்துகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் காக்கப்பட வேண்டியவை. அந்தக் குளிர்ப்பெட்டி ஓடாமற்போனால் காப்பின்றி நிற்பது நம் குழந்தை.

வீட்டுக் கூரையில் சூரியத் தகடு அமைக்க மைய அரசு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தைத் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் என வகுக்கப்பட்டது. நல்ல திட்டமே. ஆயினும் தொகுப்பு வீட்டின் விரிசல் விட்ட கூரையில் தகட்டைத் தாங்கும் வலு எங்கே? மானியம் போக மீதித் தொகைக்கு எங்கே போவது? 2016-ஆம் ஆண்டு முதல் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்துள்ளதால், ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள குடும்பத்திற்குத் தகட்டால் மிச்சமாவதும் சொற்பமே. எனவே தனிக் கூரை வாய்க்காதவனுக்குப் பொதுக் கட்டடத்தின் கூரையே கூரை. அதில் விளையும் மின்சாரமே அவன் பங்கு.

விடுதிக் கணக்கு ஒன்று

ஆசிரியர் என்ற முறையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட விரும்புகின்றோம். 1,000 வாட் திறனை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஒரு யூனிட். ஐம்பது மாணவர் தங்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம்.

20 வாட் குழல்விளக்குகள் 20. இரவு 5 மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். பழைய வகை மின்விசிறி ஒன்றுக்கு 70 வாட் என வைத்து, 15 விசிறிகள் 10 மணி நேரம் ஓடினால் பத்தரை யூனிட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 2 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். ஆக நாள் ஒன்றுக்கு 14 யூனிட்.

நம் பகுதியில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் எனலாம். 14 யூனிட்டுக்கு மூன்றரை கிலோவாட் வேண்டும். இப்பொழுது பழைய விசிறிகளைக் கழற்றிவிட்டு, 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிகளைப் பொருத்துங்கள். பத்தரை யூனிட் நாலரையாகக் குறைகின்றது. மொத்தத் தேவை 8 யூனிட். 2 கிலோவாட் தகடு போதும். அதற்கு நிழல் விழாத மொட்டைமாடியில் ஏறத்தாழ 200 சதுர அடி இடம் போதும். மிச்சப்படுத்திய யூனிட்டே மலிவான யூனிட் என்னும் பாடம் இதில் இருக்கின்றது. எந்த அரசுக் கட்டடத்திலும் முதலில் வீணைத் தடுத்தல் வேண்டும். பிறகே தகட்டை ஏற்றுதல் வேண்டும்.

தகடு பகலில் மின்சாரம் தருகின்றது. பிள்ளைகள் படிப்பதோ இரவில். இதற்கு வழிகள் இரண்டு. பகல் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் விட்டு, இரவில் அதே கம்பியிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று. போனதும் வந்ததும் இருவழி மீட்டரில் பதிவாகும். பாட்டரியில் சேமிப்பது மற்றொன்று. முதல் வழியில் செலவு குறைவு. ஆயினும் வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றால், பாதுகாப்பின் பொருட்டுத் தகட்டின் மின்சாரமும் தானே நின்றுவிடும். ஆகையால் விடுதிக்கும் பிரசவ அறைக்கும் சிறிய பாட்டரியேனும் உடன் வேண்டும். 2012-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழகம் கண்ட நெடிய மின்வெட்டு நாள்களை மறந்துவிடலாகாது. பொதுத்தேர்வுக் காலத்தில் விளக்கின்றித் தவித்த பிள்ளைகளில் நம் விடுதிப் பிள்ளைகளே மிகுதி. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் அரசு இவ்விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' எனப் பெயரிட்டது. பெயருக்கேற்ற ஒளி அவற்றின் ஒவ்வோர் அறையிலும் இருத்தல் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

ஒரு நெருப்பில் இரு பயன்

இணை மின்னாக்கம் என்றொரு முறை உண்டு. அதனையும் நம் மாணவர் அறிதல் நலம். சாதாரண அனல் மின்நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகின்றது. மீதி வெப்பம் புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் வீணே கழிகின்றது. நம் தாய்மார் சோறு வடித்த அடுப்பின் தணலிலேயே வெந்நீர் வைக்கின்றார்கள் அல்லவா? அந்தச் சிக்கனமே இணை மின்னாக்கம். மின்சாரம் எடுத்தபின் எஞ்சும் வெப்பத்தை நீராவியாகவும் வெந்நீராகவும் பயன்படுத்தினால், எரிபொருளின் ஆற்றலில் 70 முதல் 80 விழுக்காடு வரை பயன் காணலாம்.

சர்க்கரை ஆலைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கரும்பைப் பிழிந்தபின் அதன் எடையில் 30 விழுக்காட்டளவு சக்கையாக நிற்கும். அதை எரித்து உயரழுத்த நீராவி உண்டாக்கி, முதலில் மின்னாக்கியைச் சுழற்றி, பின்னர் அதே நீராவியால் சாற்றைக் காய்ச்சுகின்றார்கள். ஆலைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் வாரியத்திற்குப் போகின்றது. தமிழக அரசும் கூட்டுறவு, பொதுத்துறைச் சர்க்கரை ஆலைகளில் மின்வாரியத்தின் துணையோடு இத்தகைய நிலையங்களை அமைக்கத் திட்டமிட்டது. வேலைகள் பல ஆண்டுகள் இழுத்தடித்தன. அரவைக்குக் கரும்பு குறைந்தால் சக்கையும் குறையும். சக்கை குறைந்தால் மின்சாரமும் குறையும். மழையையும் உழவனுக்குச் சேரவேண்டிய கிரயத்தையும் பொறுத்தே அந்த மின்சாரம். கரும்பு வெட்டும் கூலியாட்களாக நம் மக்கள் வயலில் நிற்கின்றார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

மருத்துவமனையிலும் இம்முறை பொருந்தும். அங்கே இரவு பகல் மின்சாரம் தேவை. கருவிகளைக் கிருமி நீக்க நீராவி தேவை. துணி வெளுக்கவும் சமைக்கவும் வெந்நீர் தேவை. வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டும் இயந்திரமும் உண்டு. தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விபத்துச் சிகிச்சை மையத்தில் எரிவாயு எந்திரத்தினின்று மின்சாரம், வெப்பம், குளிர் மூன்றையும் பெறும் அமைப்பு ஜெர்மானிய ஒத்துழைப்புடன் நிறுவப்பட்டது. சிறிய மருத்துவமனைக்கு அத்தகைய எந்திரம் கட்டுப்படியாகாது. அங்கே வெந்நீருக்குச் சூரிய வெப்பக் கலமும், விளக்குக்குச் சூரியத் தகடும், சமையற்கூடத்திற்குச் சாண எரிவாயு போன்றதொரு கழிவு எரிவாயுக் கலமும் அமைத்தாலே போதும்.

கழிவு ஒளியாகும்போது

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று சொல்ல வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், கசடைக் காற்றுப் புகாத கலங்களில் நொதிக்க வைத்து, அதில் எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் எந்திரங்கள் 2005-ஆம் ஆண்டை ஒட்டி அமைக்கப்பட்டன. அந்த மின்சாரம் நிலையத்தையே இயக்கப் பயன்படுகின்றது.

மனிதக் கழிவை எவர் தலையில் இச்சமுதாயம் சுமத்தியது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்தும், அதில் ஈடுபட்டோர்க்கு மறுவாழ்வு அளிக்கவும் 2013-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்து மாண்ட செய்திகள் ஓயவில்லை. அதே கழிவை எந்திரம் கையாண்டு, அதிலிருந்து விளக்கெரிக்க முடியும் என்று பொதுத்துறை நிறுவனமே செய்து காட்டிய பிறகு, மனிதனை உள்ளே இறக்குவதற்கு எந்தச் சாக்கும் மிஞ்சவில்லை. விஞ்ஞானம் நம் மக்களுக்குச் செய்யக்கூடிய முதல் நன்றிக்கடன் இதுவாகும். நகராட்சிகளில் இத்தகைய எந்திரங்களைக் கேட்டுப் பெறுவது நம் இளைஞர்களின் கடமைகளுள் ஒன்று.

ஓடந்துறை காட்டிய பாதை

சிற்றூர் ஊராட்சி ஒன்றால் இவ்வளவும் ஆகுமா என்று ஐயுறுவோர்க்கு ஓடந்துறையைச் சுட்டுகின்றோம். அது கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஊராட்சி. அங்குக் குடிநீரேற்றும் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. முதலில் தெருவிளக்குகளைச் சூரிய விளக்குகளாக மாற்றிப் பார்த்தார்கள். பின்பு மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள ஒரு காற்றாலையையே ஊராட்சி சொந்தமாக வாங்கியது. விலை ஒரு கோடியே 55 இலட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பிலிருந்து 40 இலட்சம். மீதி வங்கிக் கடன்.

காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று எங்கே நன்றாக வீசுகின்றதோ அங்கே, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். ஆண்டுக்கு ஆறேமுக்கால் இலட்சம் யூனிட் வரை விளைந்தது. ஊராட்சியின் தேவை நாலரை இலட்சம் யூனிட். எஞ்சியதை மின்வாரியத்திற்கு விற்று, அவ்வருவாயிலிருந்தே கடன் தவணையைக் கட்டினார்கள். வாரியத்திற்குப் பணம் கட்டிய ஊராட்சி, வாரியத்திடம் பணம் வாங்கும் ஊராட்சியாயிற்று.

உடுமலைப்பேட்டைக் காற்றை நாடி மேட்டுப்பாளையத்துக்காரர்கள் போனார்கள். நாமோ காற்றின் மடியிலேயே இருக்கின்றோம். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்து ஊராட்சிகள் நான்கைந்து கூடி ஒரு காற்றாலை வாங்க எண்ணினால் அதற்குத் தடை யாது? பழைய காற்றாலைகளை அகற்றிப் பெரியவற்றை நிறுவுவதற்குத் தமிழக அரசு 2024-இல் கொள்கை வகுத்தது. சூரிய மின்சாரத்தில் முன்னிற்கும் ஒரு கிராமத்திற்கு மாவட்டந்தோறும் ஒரு கோடி ரூபாய் வழங்கும் மாதிரிச் சூரிய கிராமத் திட்டத்திற்கான விதிமுறைகளை மைய அரசு அதே 2024-இல் வெளியிட்டது. கேட்பவனுக்கே கிடைக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களும் தமிழகத்தில் கிராம சபை கூடும் நாள்களென வகுக்கப்பட்டுள்ளன. அச்சபையில் நம் பிள்ளை எழுந்து, 'நம் பள்ளியின் கூரை எத்தனை சதுர அடி? நம் குடிநீர் மோட்டாரின் மின்கட்டணம் எவ்வளவு?' என்று இரு கேள்விகள் கேட்டால் வேலை தொடங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

நல்லதைச் சொன்னோம், எச்சரிக்க வேண்டியதையும் சொல்லுதல் முறை.

முதலாவது, பராமரிப்பு. சூரியத் தகடு 25 ஆண்டு உழைக்கும். ஈயப் பாட்டரி நாலைந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதை மாற்றுவதற்கு நிதி ஒதுக்காமற்போனால் விளக்கு அணைந்து, கம்பம் மட்டும் நினைவுச் சின்னமாய் நிற்கும். அத்தகைய கம்பங்களை நாம் பல ஊர்களில் கண்டிருக்கின்றோம். தகட்டின்மேல் படியும் தூசியைத் துடைக்காவிட்டாலும் விளைச்சல் குறையும். திறப்பு விழாவுக்கு வருகின்றவர்கள் துடைப்பதற்கு வரமாட்டார்கள். ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுப் பராமரிப்பு எழுதப்பட்டிருக்கின்றது என்று கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, நிலம். காற்றாலைக்கும் சூரியப் பண்ணைக்கும் மானாவாரி நிலம் வேண்டும். தரகர்கள் பணக்கட்டோடு வருவார்கள். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் நம் முன்னோரின் துயர்நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 முதல் நம் மக்களுக்கு வழங்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள், டி.சி. நிலம் என்று வழங்குபவையும் அவையே. பத்தாண்டு வரை எவருக்கும் கைமாற்றக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதார்க்குக் கைமாற்றக் கூடாது என்பது அவற்றின் நிபந்தனை. அந்நிபந்தனை ஏட்டில் இருந்தும் எத்தனை ஆயிரம் ஏக்கர் கைநழுவிப் போயிற்று என்பது தமிழகம் அறிந்த துயரம். பசுமை மின்சாரத்தின் பெயரால் அத்துயரம் மீண்டும் நிகழலாகாது. கையெழுத்திடுமுன் பட்டாவைப் பாருங்கள். 'அ' பதிவேட்டைப் பாருங்கள். படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திரத்தை வாசிக்கக் கேளுங்கள். நம் சங்கம் 25 ஆண்டுகளாகப் படிக்க வைத்த பிள்ளைகள் வேறு எதற்கு இருக்கின்றார்கள்?

இளைஞர்க்கு ஒரு சொல்

அன்பார்ந்த இளைஞர்களே! காற்றாலை நிற்கும் இடங்களில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் என்ன வேலை பார்க்கின்றார்கள்? காவற்காரர் வேலை, குழி தோண்டும் வேலை, சுமை இறக்கும் வேலை. உழைப்பில் இழிவில்லை. ஆயினும் கோபுரத்தின் அடியில் இரவெல்லாம் விழித்திருப்பவன் நாமாகவும், அதன் உச்சியில் ஏறிக் கருவியைச் சரிபார்த்து ஊதியம் பெறுகின்றவன் வேறொருவனாகவும் எத்தனை நாள் இருப்பது?

உச்சிக்கு ஏறும் படிகளைச் சொல்கின்றோம். பத்தாம் வகுப்புத் தேறியவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டாண்டு பயிலலாம். மைய அரசு 2015-இல் தொடங்கிய சூரியமித்ரா பயிற்சி 600 மணி நேரப் பயிற்சி. தகடு பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுத் தருவது. காற்றாலைப் பணிக்கென வாயுமித்ரா என்னும் பயிற்சியும் வகுக்கப்பட்டது. மின் கம்பியாளர் தகுதிச் சான்று பெற்றவர் சொந்தக் காலில் நிற்கலாம். தொழில் தொடங்க விழைவோர்க்கு 1974-இல் நிறுவப்பட்ட தாட்கோ இருக்கின்றது. முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் திட்டமும், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் 2023-இல் 35 விழுக்காடு மானியத்துடன் அறிவிக்கப்பட்டன. மைய அரசின் நிறுவனங்கள் தாம் வாங்கும் பொருள்களிலும் பணிகளிலும் 4 விழுக்காட்டைப் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடமிருந்து பெறுதல் வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுக் கொள்கை. அந்த இடத்தை நிரப்பத் தகுதியுள்ளோர் நம்மில் எழவேண்டும். அரசுப் பள்ளியின் கூரையில் தகடு ஏற்றும் ஒப்பந்தக்காரர் அதே பள்ளியில் படித்த நம் பிள்ளையாக இருக்கும் நாளை எண்ணிப் பாருங்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் இதனையே சொல்கின்றோம். தகட்டை இணைப்பதற்கும் மீட்டரைக் கணிப்பதற்கும் மீசை வேண்டுவதில்லை. கவனமும் கணக்கும் போதும்.

இச்சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒன்று: சுற்று வட்டார விடுதிகள், பள்ளிகள் ஒவ்வொன்றிற்கும் நாம் மேலே போட்ட கணக்கைப் போன்று ஒரு மின்கணக்கை நம் மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்து, மாவட்ட ஆட்சியரிடம் அளித்தல் வேண்டும். இரண்டு: ஆண்டுதோறும் ஐந்து பிள்ளைகளையேனும் சூரிய, காற்றாற்றல் பயிற்சிக்கு அனுப்பி, அவர்தம் போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்றல் வேண்டும். மூன்று: நிலப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல மாதம் ஒருநாள் சங்கக் கட்டடத்தில் படித்தவர் இருவர் அமர்தல் வேண்டும். இம்மூன்றிற்கும் பெருநிதி வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.

கிணற்றுக்கு வேலி இருந்தது. குளத்துக்கு வேலி இருந்தது. கோயிலுக்கும் தெருவுக்கும் வேலி இருந்தது. கதிரவனுக்கும் காற்றுக்கும் எவரும் வேலி போட முடியவில்லை. ஆனால் அவற்றைப் பிடித்து மின்சாரமாக்கும் கருவிக்கும், கருவி நிற்கும் நிலத்திற்கும், கருவியை அறியும் கல்விக்கும் வேலி போட முடியும். அந்த வேலி எழுவதற்கு முன்பே நம் பிள்ளைகள் உள்ளே சென்றுவிட வேண்டும். இச்சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணி அதுவாகட்டும்.